ஒரு பெரிய முழு எண்ணை முழுதாக ஆராய்வது எப்படி: 17,74,47,816ஐக் கொண்டு ஒரு படிப்படியான வழிகாட்டி

ஒன்பது இலக்க எண் ஒன்று கையில் இருக்கிறது. அதற்கு எத்தனை காரணிகள்? அது வர்க்க எண்ணா? இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக அதை எழுத முடியுமா? 1ஐ அதனால் வகுத்தால் எத்தனை இலக்கங்களுக்குப் பிறகு தசமம் மீண்டும் சுழலும்? இவை தனித்தனிக் கேள்விகள் போலத் தோன்றினாலும், எல்லாவற்றுக்கும் விடை ஒரே இடத்தில், அந்த எண்ணின் பகாக் காரணிப்படுத்தலில் இருக்கிறது. அங்கே ஓர் அடுக்கு தவறினால் பின்னால் வரும் விடைகள் பெரும்பாலும் தவறாகிவிடும். அதனால் இந்த வழிகாட்டியின் முதல் பாதி முழுவதும் காரணிப்படுத்தலைப் பற்றியது. பண்புகள் அதன் பிறகே வரும்.

எடுத்துக்காட்டு எண் 17,74,47,816. தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு கூடவே செய்து பாருங்கள்.

1. தொடங்கும் முன் தேவையானவை

100க்கு உட்பட்ட 25 பகா எண்களின் பட்டியல் பக்கத்தில் இருக்கட்டும். நினைவிலிருந்து எழுதுபவர்கள் 51, 57, 87, 91 ஆகியவற்றைப் பகா எண் என்று சேர்த்துவிடுவது வழக்கம். 51 = 3 × 17, 57 = 3 × 19, 87 = 3 × 29, 91 = 7 × 13. பட்டியலை ஒருமுறை சரிபார்த்துவிட்டால் பிறகு அந்தக் கவலை இல்லை.

தாளை இரண்டு பத்தியாகப் பிரியுங்கள். இடப்பக்கம் வகுக்கும் பகா எண், வலப்பக்கம் கிடைக்கும் ஈவு. ஒரே வரியில் அம்புக்குறி போட்டு எழுதிக்கொண்டே போனால் எந்தப் பகா எண்ணை எத்தனை முறை வகுத்தோம் என்பது கலைந்துவிடும்.

கணிப்பான் பயன்படுத்தலாம், ஆனால் அதன் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள். சாதாரணக் கணிப்பான்கள் பல எட்டு இலக்கம் மட்டுமே காட்டும். கணினியின் விரிதாள்கள் பொதுவாக 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும். அதற்கு மேல் உள்ள இலக்கங்கள் ஓசையின்றிச் சுழியமாகிவிடும். தசம எண்களைக் கையாளும் வழக்கமான கணினி முறையில் 2⁵³, அதாவது 9,00,71,99,25,47,40,992 வரைதான் எல்லா முழு எண்களும் பிசகாமல் நிற்கும். நம் எண் இதற்குள் அடங்குகிறது. உங்கள் எண் அடங்காவிட்டால் முழு எண்களை முழு நீளத்துக்கும் கணக்கிடும் நிரல்மொழி தேவைப்படும்.

2. எண்ணை இரண்டு விதமாக எழுதுங்கள்

ஒருமுறை நம் வழக்கப்படி: 17,74,47,816. இன்னொரு முறை வலப்பக்கத்திலிருந்து மும்மூன்றாக: 177 | 447 | 816.

இரண்டாவது எதற்கு என்றால், அடுத்த படியில் வரும் 1001 சோதனை மும்மூன்று இலக்கங்களைக் கேட்கிறது. கோடி, லட்சம் காற்புள்ளிகளையே பிரிவுகளாக எடுத்துக்கொண்டு 816 − 47 + 74 − 17 என்று கணக்குப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வரும் விடை 826. இதுவும் 7ஆல் வகுபடும் எண்தான் என்பதால் முறை சரி என்ற நம்பிக்கை வந்துவிடும். ஆனால் 13ஐ அது தவறவிட்டுவிடும்.

எண்ணைப் படியெடுத்தது சரியா என்பதை இப்போதே பாருங்கள். மூல எண்ணிலும் உங்கள் தாளிலும் இலக்கங்களை மாற்றி மாற்றிக் கூட்டிக் கழியுங்கள்: 6 − 1 + 8 − 7 + 4 − 4 + 7 − 7 + 1 = 7. இரண்டிலும் ஒரே விடை வர வேண்டும். வெறும் இலக்கக் கூடுதல் இதற்குப் போதாது; அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தால் கூடுதல் மாறாது. கூட்டிக் கழிக்கும் முறை அந்தப் பிழையைக் காட்டிக்கொடுக்கும்.

3. வகுக்காமலே தெரிந்துகொள்ளக்கூடியவை

முதலில் 2இன் அடுக்கு. கடைசி மூன்று இலக்கம் 816 = 8 × 102. ஆகவே எண் 8ஆல் வகுபடும். கடைசி நான்கு இலக்கம் 7816. அதை 16ஆல் வகுத்தால் 8 மீதி வருகிறது. எனவே 2³ உண்டு, 2⁴ இல்லை. 1000ஐ 8 வகுக்கிறது, 10,000ஐ 16 வகுக்கிறது என்பதால்தான் கடைசி இலக்கங்களை மட்டும் பார்த்தால் போதுகிறது.

கடைசி இலக்கம் 6. ஆகவே 5 இல்லை.

இலக்கங்களின் கூடுதல் 1 + 7 + 7 + 4 + 4 + 7 + 8 + 1 + 6 = 45. இது 9ஆல் வகுபடுவதால் எண்ணும் 9ஆல் வகுபடும். இங்கே இரண்டு தவறுகள் காத்திருக்கின்றன. கூடுதல் 45 என்பதால் எண் 45ஆல் வகுபடும் என்று எழுதிவிடுவது ஒன்று. இலக்கக் கூடுதல் 27 வந்தால் எண் 27ஆல் வகுபடும் என்று நினைப்பது மற்றொன்று. இந்தச் சோதனை 3க்கும் 9க்கும் மட்டுமே செல்லும். 10ஐ 9ஆல் வகுத்தால் மீதி 1 என்பதுதான் அதன் அடிப்படை. 27க்கு அப்படி இல்லை.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. 1001 = 7 × 11 × 13. 1000 என்பது 1001ஐ விட ஒன்று குறைவு என்பதால், மும்மூன்று இலக்கப் பிரிவுகளை மாற்றி மாற்றிக் கூட்டிக் கழித்தால் வரும் எண்ணும் மூல எண்ணும் 7, 11, 13 மூன்றையும் பொறுத்தவரை ஒரே மீதியைத் தரும். ஒரே கணக்கில் மூன்று பகா எண்களின் சோதனை முடிந்துவிடுகிறது.

816 − 447 + 177 = 546

546 = 2 × 3 × 7 × 13. ஆக 7 உண்டு, 13 உண்டு, 11 இல்லை. 546இல் தெரியும் 2ஐயும் 3ஐயும் இங்கே பொருட்படுத்தக் கூடாது. அவற்றைப் பற்றி இந்தச் சோதனை எதுவும் சொல்லவில்லை.

4. வகுத்துச் சுருக்குங்கள், ஒவ்வொரு பகா எண்ணையும் அது மறுக்கும் வரை

17,74,47,816 ÷ 8 = 2,21,80,977
2,21,80,977 ÷ 9 = 24,64,553
24,64,553 ÷ 7 = 3,52,079

இந்த இடத்தில்தான் புதியவர்களில் பலர் 13க்குத் தாவிவிடுகிறார்கள். 7ஆல் வகுத்தாயிற்று, அடுத்தது 13 என்று தோன்றும். ஆனால் 1001 சோதனை 7 இருக்கிறது என்று மட்டுமே சொன்னது. எத்தனை முறை என்று சொல்லவில்லை. மறுபடியும் 7ஆல் வகுத்துப் பாருங்கள்.

3,52,079 ÷ 7 = 50,297

இன்னொரு முறை: 50,297ஐ 7ஆல் வகுத்தால் மீதி 2. இப்போது 7 மறுத்துவிட்டது, நகரலாம். 3க்கும் இதையே செய்ய வேண்டும்: 9ஆல் வகுத்த பின் வந்த 24,64,553இன் இலக்கக் கூடுதல் 29. ஆகவே மூன்றாவது 3 இல்லை.

50,297 ÷ 13 = 3,869

3869ஐ மறுபடி 13ஆல் வகுத்தால் மீதி 8. இங்கே 13 முடிந்தது.

மறுத்த வகுத்தல்களையும் மீதியோடு தாளில் எழுதி வையுங்கள். பிறகு விடை பொருந்தாதபோது, எதைச் சோதித்தோம், எதைச் சோதிக்கவில்லை என்று தேட வேண்டியிருக்காது.

5. எல்லையை ஒவ்வொரு வகுத்தலுக்குப் பிறகும் மாற்றுங்கள்

ஓர் எண் பகு எண்ணாக இருந்தால், அதன் வர்க்கமூலத்துக்கு மேற்படாத பகாக் காரணி ஒன்றாவது அதற்கு இருக்கும். இரண்டு காரணிகளும் வர்க்கமூலத்தை விடப் பெரியவை என்றால் அவற்றின் பெருக்கல் அந்த எண்ணையே தாண்டிவிடும். இது எல்லோருக்கும் தெரிந்த விதிதான். எந்த எண்ணின் வர்க்கமூலம் என்பதில்தான் குழப்பம் வருகிறது.

மூல எண்ணின் வர்க்கமூலம் 13,320க்கும் 13,321க்கும் இடையில். அதுவரை உள்ள பகா எண்கள் 1,500க்கும் மேல். இதைக் கண்டு மலைத்துப்போய்க் கணக்கையே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. உண்மையில் இப்போது நம் முன் இருப்பது 3869 மட்டும். 62² = 3844, 63² = 3969. எனவே 61 வரை பார்த்தால் போதும். 2, 3, 5, 7, 11, 13 முடிந்துவிட்டதால் 17இலிருந்து 61 வரை மிஞ்சுவது பன்னிரண்டு பகா எண்கள்.

சிறிய பகா எண்களிலிருந்து தொடங்கச் சொல்வதன் காரணமும் இதுவே. ஒவ்வொரு வெற்றியும் எண்ணைச் சுருக்குகிறது, எண் சுருங்கும்போது எல்லையும் சுருங்குகிறது.

6. எஞ்சிய 3869: இரண்டு வழிகள்

முதல் வழி நேரடி வகுத்தல். 17க்கு மீதி 10, 19க்கு 12, 23க்கு 5, 29க்கு 12, 31க்கு 25, 37க்கு 21, 41க்கு 15, 43க்கு 42, 47க்கு 15. ஒன்பது தோல்விகளுக்குப் பிறகு, 53 × 73 = 3869.

47 வரை வந்ததும் ‘இது பகா எண்தான்’ என்று எழுதிவிடும் ஆசை வரும். எல்லை 61 என்றால் 61 வரை போக வேண்டும். இடையில் நிறுத்தியதற்குக் களைப்பைத் தவிர வேறு காரணம் எதுவும் இருக்காது.

இரண்டாவது வழி ஃபெர்மாவின் முறை. ஒற்றைப்படைப் பகு எண் எதையும் இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதலாம். வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண்ணிலிருந்து தொடங்கி, அதன் வர்க்கத்திலிருந்து நம் எண்ணைக் கழித்து, மிச்சம் முழு வர்க்கமா என்று பார்க்க வேண்டும்.

63² − 3869 = 3969 − 3869 = 100 = 10²

முதல் முயற்சியிலேயே கிடைத்துவிட்டது: 3869 = (63 − 10)(63 + 10) = 53 × 73.

இந்த வேகத்தைப் பார்த்துவிட்டு எல்லா எண்ணுக்கும் இதையே முதலில் செய்யப் புறப்படாதீர்கள். காரணிகள் இரண்டும் ஒன்றுக்கொன்று அருகில் இருந்தால்தான் இது விரைவானது. 13ஐ நீக்காமல் 50,297இல் இதைத் தொடங்கியிருந்தால் 225இலிருந்து 381 வரை ஒவ்வொரு எண்ணாகப் போயிருக்க வேண்டும். 381² − 308² என்ற வடிவம் அப்போதுதான் கிடைக்கும். முதலில் சிறிய பகா எண்களை நீக்குங்கள். பிறகு ஃபெர்மா முறையில் சில முயற்சிகள் மட்டும் செய்து பாருங்கள். கிடைக்காவிட்டால் நேரடி வகுத்தலுக்குத் திரும்புங்கள்.

7. அடுக்கு வடிவில் எழுதி, திரும்பப் பெருக்குங்கள்

17,74,47,816 = 2³ × 3² × 7² × 13 × 53 × 73

8 × 9 = 72. 72 × 49 = 3,528. 3,528 × 13 = 45,864. 45,864 × 3,869 = 17,74,47,816. சரி.

பெருக்கல் பொருந்துவது பாதிச் சோதனைதான். 3869 என்றே விட்டிருந்தாலும் பெருக்கல் பொருந்தும். ஒவ்வொரு துண்டும் பகா எண்தானா என்பதையும் பார்க்க வேண்டும். 53, 73 இரண்டின் வர்க்கமூலமும் 9க்குக் குறைவு. 2, 3, 5, 7 நான்கும் அவற்றை வகுக்கவில்லை. முடிந்தது. இதற்கு மேல் வருவதெல்லாம் இந்த ஒரே வரியிலிருந்து எடுப்பது.

8. காரணிகளின் எண்ணிக்கையும் கூடுதலும்

ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்குங்கள்: 4 × 3 × 3 × 2 × 2 × 2 = 288 காரணிகள். ஒன்றைக் கூட்டுவது ஏனென்றால், ஒரு காரணியில் 2இன் அடுக்கு 0, 1, 2, 3 என நான்கு விதமாக அமையலாம். 0ஐ மறப்பவர்கள் 3 × 2 × 2 = 12 என்று எழுதுகிறார்கள்.

கூடுதலுக்கு ஒவ்வொரு பகா எண்ணின் அடுக்குகளையும் 1இலிருந்து கூட்டி, அவற்றைப் பெருக்க வேண்டும்: (1+2+4+8) = 15, (1+3+9) = 13, (1+7+49) = 57, பிறகு 14, 54, 74. பெருக்கினால் 62,18,17,560. இங்கே 7²க்கு 57க்குப் பதிலாக (1+7)² = 64 என்று போடுவது அடிக்கடி நேரும் பிழை.

எண்ணைத் தவிர்த்த மற்றக் காரணிகளின் கூடுதல் 44,43,69,744. இது எண்ணை விடப் பெரியது. அதாவது நம் எண் மிகை எண். இதை மட்டும் அறிய இவ்வளவு கணக்கு வேண்டியதில்லை. 6ஐ விடப் பெரிய, 6இன் மடங்கான எந்த எண்ணும் மிகை எண்தான்.

9. சார்பகா எண்களின் எண்ணிக்கை

1 முதல் நம் எண் வரை, அதோடு 1ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லாத எண்கள் எத்தனை? ஆய்லர் சார்பு தரும் விடை: 4 × 6 × 42 × 12 × 52 × 72 = 4,52,87,424. ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு.

7²க்கு உரிய பங்கு 49 − 7 = 42. 48 என்றும் 36 என்றும் எழுதுகிறார்கள். 49 வரையுள்ள எண்களில் 7இன் மடங்குகள் ஏழு. அவற்றை மட்டும் நீக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டால் சூத்திரம் மறந்தாலும் விடை வரும்.

10. வர்க்கத் தன்மை

13, 53, 73 ஆகியவற்றின் அடுக்கு ஒற்றைப்படை. 2இன் அடுக்கும் அப்படியே. எனவே இது முழு வர்க்கம் அல்ல. இதை வகுக்கும் மிகப் பெரிய வர்க்கம் 2² × 3² × 7² = 1764 = 42². மிஞ்சுவது 2 × 13 × 53 × 73 = 1,00,594. நம் எண்ணை முழு வர்க்கமாக்கப் பெருக்க வேண்டிய மிகச் சிறிய எண்ணும் இதுவே.

11. இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுதுதல்

4ஆல் வகுத்தால் மீதி 3 வரும் பகா எண்கள் எல்லாமே இரட்டைப்படை அடுக்கில் இருந்தால் மட்டுமே எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியும். நம் எண்ணில் அத்தகையவை 3, 7. இரண்டுக்கும் அடுக்கு 2. ஆகவே முடியும். நான்காம் படியில் இரண்டாவது 7ஐத் தவறவிட்டவர் இங்கே ‘முடியாது’ என்று எழுதியிருப்பார். அடுக்கில் ஒன்று குறைந்தால் விடையே தலைகீழாகிவிடுகிறது.

எழுதும் முறை இது. 3 × 7 = 21ஐத் தனியே வையுங்கள். எஞ்சுவது 8 × 13 × 53 × 73 = 4,02,376. ஒவ்வொன்றையும் சிறு வர்க்கங்களாகப் பிரியுங்கள்: 8 = 2² + 2², 13 = 3² + 2², 53 = 7² + 2², 73 = 8² + 3². பிறகு இந்த முற்றொருமையை வரிசையாகப் பயன்படுத்துங்கள்:

(a² + b²)(c² + d²) = (ac − bd)² + (ad + bc)²

8 × 13: 2² + 10² = 104. அதோடு 53: 6² + 74² = 5512. அதோடு 73: 174² + 610² = 4,02,376. கடைசியில் இரண்டையும் 21ஆல் பெருக்கினால் 3654, 12810.

3654² + 12810² = 1,33,51,716 + 16,40,96,100 = 17,74,47,816

இதோடு நின்றுவிடாதீர்கள். முற்றொருமையில் கூட்டல், கழித்தல் குறிகளை இடம் மாற்றி (ac + bd, ad − bc) என்று எடுத்தால் வேறு இணைகள் கிடைக்கும். 53இலும் 73இலும் குறியை மாற்றி மாற்றிச் செய்தால் மொத்தம் நான்கு: (1554, 13230), (3654, 12810), (5670, 12054), (8946, 9870). நான்குக்கு மேல் தேட வேண்டாம். 4ஆல் வகுத்தால் மீதி 1 வரும் பகா எண்கள் மூன்று, ஒவ்வொன்றின் அடுக்கும் 1; ஆகவே குறிகளையும் வரிசையையும் கணக்கில் கொண்டால் 4 × 2 × 2 × 2 = 32 வழிகள், அவற்றைக் கணக்கில் கொள்ளாவிட்டால் 32 ÷ 8 = 4. எண்ணிக்கை முன்பே தெரிந்தால், தேடல் முடிந்ததா என்ற ஐயம் இருக்காது.

12. தலைகீழியின் தசம விரிவு

1 ÷ 17,74,47,816 முடிவுறாத சுழல் தசமம். தசமப் புள்ளிக்குப் பிறகு சுழலாத இலக்கங்கள் மூன்று; 2இன் அடுக்கு 3, 5 இல்லை என்பதால். சுழலும் பகுதியின் நீளத்துக்கு ஒவ்வொரு துண்டின் நீளத்தையும் எடுங்கள்: 9க்கு 1, 49க்கு 42, 13க்கு 6, 53க்கு 13, 73க்கு 8. இவற்றின் மீ.பொ.ம. 2184. அதுவே விடை.

பெருக்கினால் 26,208 வரும், அது தவறு. எல்லாச் சுழற்சிகளும் ஒரே நேரத்தில் தொடக்கத்துக்குத் திரும்பும் முதல் இடம்தான் நமக்கு வேண்டும், அது மீ.பொ.ம. மட்டுமே. 49க்கு 7இன் நீளமான 6ஐயே போடுவதும் பிழை. 13க்கு அடுத்தடுத்த மீதிகளை எழுதிப் பார்த்தால் ஆறு படியில் 1 திரும்புவது தெரியும். 49க்கும் அதையே பொறுமையாகச் செய்தால் 42 படி ஆகும்.

13. எஞ்சியது பெரிதாக இருந்தால்

3869க்குப் பதில் பத்து இலக்க எண் ஒன்று மிஞ்சினால், அது பகா எண்ணா என்பதை முதலில் சோதியுங்கள். பகா எண்ணாக இருந்தால் காரணி தேடும் உழைப்பு முழுவதும் வீண். ஃபெர்மா சோதனையில் 2இன் (எண் − 1)ஆவது அடுக்கை அந்த எண்ணால் வகுத்த மீதியைப் பார்க்கிறோம்; 2ஐத் தவிர்த்த எந்தப் பகா எண்ணுக்கும் அது 1ஆகத்தான் வரும். 3869க்கு மீதி 1296. 1 வரவில்லை என்பதால், ஒரு காரணியும் தெரியாமலேயே அது பகு எண் என்று உறுதியாகச் சொல்லலாம்.

மறுபக்கம் அப்படி இல்லை. மீதி 1 வந்தால் பகா எண் என்று முடிவு செய்யக் கூடாது. 341 = 11 × 31; ஆனாலும் 2³⁴⁰ஐ 341ஆல் வகுத்தால் மீதி 1. இதைக் கடுமையாக்கியதுதான் மில்லர்–ராபின் சோதனை. 2, 3, 5, 7 என்ற நான்கு அடிமானங்களில் (மேலே 2 இருந்த இடத்தில் வைத்து அடுக்கேற்றும் எண்கள்) அதைச் செய்தால், 3,21,50,31,751க்குக் குறைவான எந்த எண்ணுக்கும் விடை ஐயமின்றிச் சரியாக இருக்கும். அந்த எல்லையைத் தாண்டிய எண்ணுக்கு இதே நான்கை மட்டும் வைத்து முடிவு எழுதாதீர்கள்; கூடுதல் அடிமானங்களைச் சேர்க்க வேண்டும்.